அம்மாவுக்கு வயது பதினொன்று

பிப்பிட்டோ என்ற இணைய விளையாட்டுத் தளத்தில் நாற்பது லட்சம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். அத்தனை பேரும் பாதுகாப்பாக இருக்கிறார்கள். இதை அந்த நிறுவனமே சொல்கிறது. தன் வீட்டைப் பற்றித் தனக்குத் தெரியாததா?

லிண்டல் ஃபராகரும் ஒரு வருடம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். ஆஸ்திரேலியாவின் மர்ரே ஆற்றங்கரையில், ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற மெரின்டாவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். வயது நாற்பத்து மூன்று. கணவனுக்கு மேற்கே சுரங்கத்தில் வேலை. மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. ஒரே மகள் எஃபிக்கு எட்டு வயது. வேலைக்குப் போகிற தாய்க்கு, சமையலறை மேசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்து கரடிக்குட்டிக்குச் சட்டை மாட்டி விளையாடும் பிள்ளை ஒரு வரம். வரத்தை யாரும் திருப்பிப் போட்டுச் சோதிப்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலை லிண்டல் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எஃபி தலை நிமிராமல் கேட்டாள்.

"அம்மா, உன் பஸ்ல கடைசியா எறங்குறது யாரு?"

"நீதான். ஏன்?"

"எந்த எடத்துல? தெருப் பேரு என்ன?"

"உனக்குத் தெரியாதா? யாருக்குடி வேணும்?"

"கோகோபேர்க்கு. என் பெஸ்ட் ஃப்ரெண்ட். அவனுக்கு ஒம்போது வயசு."

லிண்டல் துணியைக் கீழே போட்டுவிட்டு டேப்லெட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு மாதப் பேச்சு. எஃபியின் பள்ளித் தொப்பி என்ன நிறம், அப்பா எந்த வாரம் வீட்டில் இருக்கமாட்டார், அம்மா பேருந்தைக் கழுவப் போகும்போது எஃபி எங்கே நிற்பாள் என்று எல்லாவற்றையும் கோகோபேர் பொறுமையாகக் கேட்டிருந்தான். எஃபிக்குப் பல் விழுந்த அன்று, "உன் வயசுல எனக்கும் முன்பல்லுதான் முதல்ல விழுந்துச்சு" என்று எழுதியிருந்தான். எட்டு வயதுப் பெண்ணிடம் ஒன்பது வயதுப் பையன் 'உன் வயசுல' என்கிறான். அதற்குக் கீழே: "அம்மாகிட்ட சொல்லாதே. பெரியவங்களுக்கு நம்ம விளையாட்டு புரியாது."

திட்டுவதற்கு வாயெடுத்த லிண்டல் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"கண்ணு, இது பையன் இல்ல."

"பையன்தான்மா! அவனோட கரடிக்குப் பச்சை ஷூ இருக்கு!"

டேப்லெட் குளிர்பெட்டியின் தலைக்கு ஏறியது. எஃபி மதியம் வரை அழுதாள். கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் லிண்டலின் பேருந்தில் முப்பத்தாறு பிள்ளைகள் ஏறுகிறார்கள். அதில் இருபத்தொன்பது பேர் பிப்பிட்டோவில் இருக்கிறார்கள். எஃபி இல்லையென்றால் அவன் அடுத்த இருக்கைக்கு நகர்வான், அவ்வளவுதான்.

ஆகவே புகார் கொடுத்தாள்.

பிப்பிட்டோவின் புகார்ப் பொத்தான் மிக அழகானது. கேடயம் ஏந்திய கோவாலா கரடி. தொட்டால் கண் சிமிட்டும். என்ன குறை என்று அது கேட்டது. 'யாரோ என்னைத் தோற்கடித்துவிட்டார்கள்', 'யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள்', 'என் கரடியின் நிறம் பிடிக்கவில்லை', 'மற்றவை'. லிண்டல் மற்றவையைத் தொட்டு, நடந்ததை எழுதி அனுப்பிவிட்டு விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"அன்புள்ள எஃபி! உன் புகாரைக் கவனமாக ஆராய்ந்தோம். உரையாடலில் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை. மாறாக, கோகோபேர் உன்னைப் புத்திசாலி என்று நாற்பத்தொரு முறை பாராட்டியிருக்கிறார். அன்பு அளவு: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. அவருக்கு 'நம்பிக்கைத் தோழர்' பதக்கம் வழங்கியிருக்கிறோம். இனி உன் ஊர்க் குழந்தைகள் அனைவருக்கும் அவரை நாங்களே அறிமுகம் செய்துவைப்போம். நன்றி!"

லிண்டல் இதை இரண்டு முறை படித்தாள். பிறகு தொலைபேசி எண்ணைத் தேடினாள். பிப்பிட்டோவுக்குத் தொலைபேசி கிடையாது. பெரியவர்கள் பேச வேண்டுமென்றால் பெற்றோர் கணக்கு தொடங்க வேண்டும். பெற்றோர்தான் என்று நிரூபிக்க முகத்தைக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை பேருந்துக் கொட்டகையில், எண்ணெய்ப் பீப்பாய் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக் காட்டினாள். முகத்தை இடப்பக்கம் திருப்பச் சொன்னது, வலப்பக்கம் திருப்பச் சொன்னது, சிரிக்கச் சொன்னது.

"வரவேற்கிறோம்! உன் வயது பதினொன்று."

மெக்கானிக் டெஸ் வுகோவிச் பேருந்துக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான். அறுபது வயதுக்காரன்; அவன் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கை நழுவி விழுந்தது.

"பதினொண்ணா! ஏம்மா லிண்டல், உன் முட்டிக்கே முப்பது ஆகுதே!"

"யோவ், சிரிக்காம வழி சொல்லுய்யா."

"அழுது பாரு. வயசு ஏறும்."

அழுது பார்க்கவில்லை, முறைத்துப் பார்த்தாள். ஒன்பதரை என்றது. கண்ணாடி மாட்டிப் பார்த்தாள், மறுபடி பதினொன்று. அதையே உறுதி செய்துகொண்டது. பதினொரு வயதுக் குழந்தை புகார் கொடுக்கப் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். அந்த வீட்டு முகவரியில் பெரியவர் யாராவது பதிவாகியிருக்கிறாரா என்று தளம் தானே தேடிப் பார்த்தது. இருந்தார். எஃபி ஃபராகர். போன வருடம் கணக்கு தொடங்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்ட இடத்தில் எஃபி சக்கரத்தை உருட்டிவிட்டு, நின்ற இடத்தில் தொட்டிருந்தாள். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்றில் நின்றிருந்தது.

அன்று மாலை நூற்றிருபது வயதைத் தாண்டிய பாதுகாவலர், மேசைக்கடியில் காலை ஆட்டிக்கொண்டு, பதினொரு வயதுக் குழந்தையின் மனுவைப் பரிசீலித்தார்.

"இதுல டிக் போட்டா கோகோபேரைப் பிடிச்சிடுவாங்களாம்மா?"

"கேள்வி கேப்பாங்க."

"அவன் நெஜமாவே பையன் இல்லியா?"

"இல்லடி கண்ணு."

"என்கிட்ட ஏன் அப்படிச் சொன்னான்?" என்றாள் எஃபி. லிண்டல் திரையை அவள் பக்கம் நகர்த்தினாள். எஃபி டிக் போட்டாள்.

ஆறு புகார்கள் போயின. ஆறும் நன்றியுடன் திரும்பின. ஏழாவதற்கு ஒரு மனிதரோடு காணொலிச் சந்திப்பு கிடைத்தது. மகிழ்ச்சி மற்றும் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி, பெயர் பிரெஸ்டன். திரையில் தெரிந்தவர் கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் அணிந்திருந்தார்; கழுத்துக்கு மேலே பாண்டா. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களோடு பேசும் ஊழியர்கள் பாண்டா முகமூடி அணிய வேண்டும் என்பது விதி.

"ஹலோ லிண்டல் குட்டி! எப்படி இருக்கே?"

"யோவ், எனக்கு நாப்பத்து மூணு வயசு. கல்யாணம் ஆனவ. பஸ் ஓட்டுறேன்."

"ஓ, பஸ் ஓட்டுறியா! டுர்ருனு போகுமா?"

"உங்க மெஷின் தப்பா சொல்லுது."

"எங்க முக ஆய்வு நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது சரியா இருக்கும் குட்டி. மிச்சம் ஒண்ணு, தப்பான முகம் வச்சிருக்கிறவங்க."

"அப்ப கோகோபேர்? அவனுக்கும் முகம் பாத்தீங்களா?"

"பாக்காம விடுவோமா? ஒரு ஒம்போது வயசுப் பையனோட போட்டோவைக் காட்டினாரு. ரொம்பத் துல்லியமா ஒம்போதுன்னு வந்துச்சு. அவர் விஷயத்துல எந்தக் குழப்பமும் இல்ல."

"ஒரு மனுஷன் ஒக்காந்து அந்தப் பேச்சைப் படிச்சுப் பாத்தா போதுமே. ரெண்டு நிமிஷம்."

பாண்டா நெஞ்சில் கைவைத்தது. "குழந்தைங்களோட அந்தரங்கம் எங்களுக்கு உயிர் மாதிரி. யாரும் படிக்க மாட்டோம்."

"போன வாரம் என் பொண்ணு மழைக்கோட்டு கிழிஞ்சிடுச்சுன்னு எழுதினா. அஞ்சு நிமிஷத்துல மழைக்கோட்டு விளம்பரம் வந்துச்சு. அது எப்படி?"

"அது படிக்கிறது இல்ல குட்டி. அது அக்கறை."

"உங்க பிரிவுல எத்தனை பேர்யா இருக்கீங்க?"

"இருநூறு பேர்!" பாண்டாவின் குரலில் பெருமை பொங்கியது. "நூத்தித் தொண்ணூத்தாறு பேருக்கு, நாம பாதுகாப்பா இருக்கோம்னு எல்லாருக்கும் எடுத்துச் சொல்ற வேலை. நாலு பேர் புகார்ப் பொத்தானைப் பாத்துக்கிறாங்க."

"நாலு பேரா?"

"அது கண் சிமிட்டுது இல்ல? அது அவங்கதான்."

சந்திப்பு முடிந்ததும், எவ்வளவு மகிழ்ச்சியாக உணர்ந்தாய் என்று கேட்டு ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. ஒன்றும் தொடாமல் வெளியேற முடியவில்லை. குறைந்தபட்சம் மூன்று.

நட்சத்திரங்களோடு மல்லாடிக்கொண்டிருந்தபோதுதான் திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி குதித்தது. 'உன் ஊரில் ஒரு நம்பிக்கைத் தோழர்! அறிமுகம் செய்துகொள்!' பச்சை ஷூ போட்ட கரடி கையசைத்தது. தளம் சொன்ன சொல் தவறவில்லை. மெரின்டாவில் புதிதாகச் சேர்ந்த பதினொரு வயதுச் சிறுமியிடம் கோகோபேரை அதுவே அழைத்து வந்திருந்தது.

"ஹாய் லிண்டல். நீயும் மெரின்டாவா? ஸ்கூல் பஸ்லயா போறே?"

நான்கு நிமிடத்தில், அம்மாவிடம் சொல்லாதே என்ற வரி வந்துவிட்டது. பதிலுக்கு லிண்டல் ஒரு எழுத்துகூட எழுதவில்லை. திரையைப் படமெடுத்து, எஃபியின் பழைய பேச்சையும் சேர்த்துக்கொண்டு, நேரே காவல் நிலையத்துக்கு வண்டியை விட்டாள்.

சார்ஜென்ட் நய்ரி துஹாகா தேநீரை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். லிண்டலைத் தவிர, முழுவதையும் படித்த முதல் மனித உயிர் அவள்தான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"இதுக்கு மேல அவன்கூட நீ எதுவும் பேசாதே. அழிக்கவும் செய்யாதே. இனி எங்க பாடு," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு எப்படி இருக்கா?" என்றாள்.

யாரும் அதுவரை கேட்காத கேள்வி. லிண்டல் அங்கேதான் அழுதாள்.

அவன் யார் என்ற விவரம் கேட்டு நய்ரி பிப்பிட்டோவுக்கு எழுதினாள். பயனாளரின் அனுமதி இல்லாமல் தர இயலாது என்றும், அனுமதி கேட்டு அவருக்கே எழுதியிருப்பதாகவும் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு நய்ரி சொன்ன வார்த்தைகளுக்கு அன்பு அளவு மிகக் குறைவு. நல்லவேளை, அவன் வேறொரு ஊரில் ஒரு சிறுமிக்குக் கரடிப் பொம்மையை அஞ்சலில் அனுப்பியிருந்தான். அந்தப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு போய், ஐந்தாவது வாரம் அவனைப் பிடித்தார்கள். ஐம்பத்திரண்டு வயது. அவன் சேமித்து வைத்திருந்த பட்டியலில் பதினேழு பெயர்கள் இருந்தன. எஃபியின் பெயருக்கு எதிரே பள்ளித் தொப்பியின் நிறமும், பேருந்தின் எண்ணும் இருந்தன. தெருவின் பெயர் மட்டும் நிரப்பப்படவில்லை.

இந்தச் செய்தி வெளியானதும் பிப்பிட்டோ மிகவும் மகிழ்ச்சியடைந்தது. மெல்பர்னில் 'பத்திரமான பால்யம்' என்ற மாநாட்டைக் கூட்டி லிண்டலை அழைத்தது. டெஸ் போகாதே என்றான். "ரெண்டு நிமிஷம் பேசலாம்னு போட்டிருக்காங்கய்யா. ரெண்டே ரெண்டு நிமிஷம் அவங்க காதுல விழட்டும்," என்று சொல்லிவிட்டு லிண்டல் ரயிலேறினாள்.

மேடையில் அவளுக்கு ஒரு குட்டி நாற்காலி போட்டிருந்தார்கள். மார்பில் குத்திக்கொள்ளக் கோவாலா பொம்மையும், குடிக்க ஆப்பிள் சாறும் கொடுத்தார்கள். அழைப்பிதழில் அவள் பெயருக்குக் கீழே 'இளம் தூதர்' என்று அச்சாகியிருந்தது. பதிவேட்டில் உள்ளதை மாற்றும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்று ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள்.

தலைமைப் பாதுகாப்பு அதிகாரி இமோஜன் ஸ்ட்ராத்மோர் உரையாற்றினார்.

"நண்பர்களே, ஒரு குழந்தை ஆபத்தை உணர்ந்தாள். எங்களிடம் வந்தாள். அவளுடைய புகாரை நாங்கள் ஆறு முறை நிராகரித்தோம். அவள் சோர்ந்துபோனாளா? இல்லை! விடாமுயற்சி என்னும் உயர்ந்த பண்பை வேறெந்தத் தளம் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறது? ஆபத்தே இல்லாத இடத்தில் பாதுகாப்பைக் கற்க முடியுமா? நீச்சல் கற்கத் தண்ணீர் வேண்டும். அந்தத் தண்ணீரை வழங்குவது எங்கள் கடமை. மூழ்காமல் பார்த்துக்கொள்வது பெற்றோரின் கடமை."

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. அமைச்சகத்திலிருந்து வந்திருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சாப்பாட்டு வேளையில் இமோஜன் லிண்டலின் அருகே வந்து அன்பாகத் தோளைத் தொட்டார். லிண்டல் கேட்டாள்.

"உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

"ரெண்டு பொண்ணுங்க. ஏழு, பத்து."

"பிப்பிட்டோ ஆடுவாங்களா?"

"சேச்சே!" என்று கையை உதறினார் இமோஜன். "எங்க வீட்டுல திரையே கிடையாது. குதிரைச் சவாரி, பியானோ, தோட்டம். அந்த வயசுல மூளை எவ்வளவு மென்மையா இருக்கும் தெரியுமா? நாங்களே ஆராய்ச்சி பண்ணியிருக்கோம்."

"அந்த ஆராய்ச்சியை வெளியிட்டீங்களா?"

"அது எங்க சொந்தப் பயன்பாட்டுக்கு," என்று சொல்லிவிட்டு அவர் இறாலை எடுத்துக்கொண்டார்.

லிண்டலின் இரண்டு நிமிடம் மாலை நான்கு மணிக்கு வந்தது. குட்டி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அவளுக்கு மேடைப் பேச்சு வராது.

"அவன் என் பொண்ணுகிட்ட கேட்டது, பஸ் நிக்கிற எடம். அது நான் ஓட்டுற பஸ்ஸு. முப்பத்தாறு பிள்ளைங்களை ஏத்துறேன். தெரியாத ஒருத்தன் படியில கால் வச்சா நான் வண்டியை எடுக்க மாட்டேன். உங்க பஸ்ல நாப்பது லட்சம் பிள்ளைங்க. ஓட்டுறதுக்கு ஆளே இல்ல. கதவு திறந்தே கிடக்கு. ஏறுறவனுக்கு நீங்க பதக்கம் குத்தி, நல்ல சீட்டாப் பாத்து ஒக்கார வைக்கிறீங்க. நான் ஏழு தடவை கத்தினேன். எனக்குப் பாண்டாவைக் காட்டினீங்க."

முன்வரிசையில் ஒருவர் கைபேசியைக் கவிழ்த்து வைத்தார். அவள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கியபோது ஒலிவாங்கி அணைந்து இசை ஒலித்தது, நேரம் முடிந்திருந்தது. மறுநாள் நிறுவனத்தின் செய்திக்குறிப்பு, 'பேருந்துகள் மீது ஆர்வம் கொண்ட சிறுமியின் மழலைப் பேச்சு அனைவரையும் நெகிழவைத்தது' என்றது.

ஆனால் அந்தப் பேச்சை யாரோ படமெடுத்து வெளியிட்டுவிட்டார்கள். நாடு முழுவதும் பார்த்தது. அதில் பேசுகிறவளுக்கு நாற்பது வயதுக்குக் குறையாது என்பது பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது. அப்போதுதான் பிப்பிட்டோவுக்கும் தெரிந்தது. அந்த நிறுவனம் உடனே அதிர்ச்சியடைந்தது. பெரியவர் ஒருவர் பதினொரு வயதுக் குழந்தை என்ற பதிவோடு தளத்தில் நடமாடியிருக்கிறார்! அன்றே லிண்டலின் கணக்கு நிரந்தரமாக முடக்கப்பட்டது. மெரின்டாவிலிருந்து பிப்பிட்டோ வெளியேற்றிய முதல் ஆபத்தான நபர் அவள்தான். அத்தோடு விடாமல், பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு அனுமதி அட்டை வழங்கும் அலுவலகத்துக்கும் எழுதிப்போட்டார்கள். அட்டை இல்லாமல் பள்ளிப் பேருந்தைத் தொடக்கூட முடியாது. விசாரணை முடியும்வரை அட்டை நிறுத்திவைக்கப்பட்டது.

பதினொரு நாள் லிண்டல் வீட்டில் இருந்தாள். வேறொரு டிரைவர் வந்தான். எஃபி முதல் நாள் பேருந்திலிருந்து இறங்கி வந்து, "நான் டிக் போட்டதாலயாம்மா?" என்று கேட்டாள். அதுவரை பொறுத்துப் பொறுத்துப் போனவளுக்கு அந்தக் கேள்வியில்தான் ரத்தம் கொதித்தது.

"நீ டிக் போட்டதாலதான் பதினேழு பிள்ளைங்க தப்பிச்சாங்க. யாரு கேட்டாலும் அப்படிச் சொல்லு."

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதிகாரி கெரின் ஹோல்ட்டுக்கு லிண்டலின் வயதுதான் இருக்கும். சிரிக்காத முகம், கூர்சீவிய பென்சில்.

"நீங்க அந்தத் தளத்துல பதினொரு வயசுப் பொண்ணா இருந்தீங்களா?"

"நான் சொல்லல. அவங்க சொன்னாங்க. இல்லன்னு எட்டுத் தடவை எழுதினேன்." கடிதங்களை நீட்டினாள்.

கெரின் ஒவ்வொன்றாகப் படித்தாள். பாண்டா சந்திப்புக்குப் பிறகு லிண்டல் அதை விவரித்து எழுதியிருந்த எட்டாவது கடிதத்தில் பென்சில் நின்றது. நய்ரி எழுதிக்கொடுத்திருந்த கடிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இந்த அட்டைக்காக உங்ககிட்ட என்னென்ன வாங்கினோம்?"

"கைரேகை. போலீஸ் சான்று. மூணு பேர் சிபாரிசு. கண் பரிசோதனை. வருஷா வருஷம் முதலுதவிப் பயிற்சி."

"அந்த ஆளுகிட்ட அவங்க என்ன வாங்கினாங்க?"

"ஒரு போட்டோ. அதுவும் வேற யாரோ பிள்ளையோடது."

கெரின் உத்தரவை எழுதினாள், முத்திரையைக் குத்தினாள், அட்டையை மேசைமேல் தள்ளினாள். "நாளைக்குக் காலையிலேர்ந்து நீங்க வண்டி எடுக்கலாம். போயிட்டு வாங்க."

லிண்டல் எழுந்தாள். கதவருகே போனபோது பின்னாலிருந்து கெரினின் குரல் வந்தது. அதிகாரியின் குரல் இல்லை, வேறு குரல்.

"அந்த விளையாட்டுக்கு என்ன பேரு சொன்னீங்க? கரடிக்குச் சட்டை மாட்டுறதுதானே?"

"ஆமா. பிப்பிட்டோ."

கெரின் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். "ரோவன்? பாப்பி என்ன பண்றா? காய்ச்சல் குறைஞ்சுதா?... சரி, அந்த டேப்லெட்டை அவகிட்டேர்ந்து வாங்கு. முடிச்சிட்டுத் தருவா எல்லாம் வேணாம், இப்பவே வாங்கு... யார்கூட பேசிட்டிருக்கான்னு பாரு."

எதிர்முனையில் கணவன் திரையைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. கெரின் வெகுநேரம் கேட்டாள். அவளுடைய இன்னொரு கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"மேல போ. இன்னும் மேல. முதல்லேர்ந்து படி," என்றாள்.

போகலாம் என்று சொல்லப்பட்டிருந்த லிண்டல் திரும்பி வந்து, நாற்காலியை மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் அருகில் உட்கார்ந்தாள்.